ஒன்றரை ஆம்பியர்

அப்துல் ஹமீத் சாயபுவின் தோல் பதனிடும் டேனரியில் எல்லாரும் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டு கிளம்பும்போதுதான் முனிரத்தினத்துக்கு வேலை தொடங்கும். பொழுது சாய்கிற வேளையில் ஆயில் இன்ஜினைக் கிளப்பி, பெல்ட்டை மாட்டி, டைனமோவை ஓட விடுவான். ஆபீஸிலும் தோல் கிடங்கிலும் பல்புகள் எரியும். பாலாற்றங்கரையோரமாகக் கம்பங்கள் நட்டு இழுத்த கம்பி வழியாகக் கரண்ட்டு சாயபுவின் வீட்டுக்கும் போகும். எல்லாரும் படுக்கப்போகும் நேரத்துக்கு அவன் இன்ஜினை நிறுத்துவான். இடையில் அவனோடு பேச ஆள் கிடையாது. பேசினாலும் இன்ஜின் சத்தத்தில் காதில் விழாது.

சென்னையில் வயர்மேன் வேலை பழகி ஆம்பூருக்கு வந்தவன் அவன். கலவை ஊரில் கட்டிய பெண்டாட்டி அமிர்தவள்ளியைக் கூட்டிவந்து டேனரிக்குப் பின்னால் ஒரு வீடு பிடித்துக் குடிவைத்தான். சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டைத் தொட்டியும் ஊறவைத்த தோலும் சேர்ந்து அடித்த நாற்றத்தில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வாரம் பார்த்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை. மூட்டையைக் கட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். பொங்கலுக்கும் ஆடிக்கும் அவன் போனால் விருந்தாளிக்குப் போடுவதுபோல இலை போட்டாள். அவனும் விருந்தாளி மாதிரியே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினான்.

ஆகவே இன்ஜின் ஷெட்டில் அவனுக்குத் துணையாக இருந்தவை சுவரில் மாட்டியிருந்த இரண்டு மீட்டர்கள்தான். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்பியர் காட்டும். வோல்ட் முள்ளை நூற்றுப்பத்தில் நிறுத்திவைப்பது அவன் வேலை. ஆம்பியர் முள் அவன் கையில் இல்லை. எங்கே யார் சுவிட்ச் போட்டாலும் அது நகரும். நாற்பது வாட்டு பல்பு ஒன்று எரிந்தால் ஆம்பியரில் மூன்றில் ஒரு பங்கைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஏறும். சாயபு வீட்டு முன்கூடத்தில் விளக்குப் போட்டார்களா, சமையல்கட்டில் அணைத்தார்களா என்பதெல்லாம் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அவனுக்குத் தெரியும்.

அந்த வருஷம் ஆவணியில் முள் புதிதாக ஒரு காரியம் செய்தது. விளக்கெல்லாம் போட்டு முடிந்து அது ஓரிடத்தில் நின்ற பிறகு, பள்ளிவாசலில் அந்திநேர மக்ரிப் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம் ஒன்றரை ஆம்பியர் ஏறியது. முக்கால் மணி போல அப்படியே நின்றுவிட்டு இறங்கியது. மறுநாளும் அதேபோல. அதற்கடுத்த நாளும்.

முனிரத்தினம் பயந்துபோனான். எங்காவது கம்பியின் மேலுறை கிழிந்து சுவரில் கரண்ட்டு கசிகிறதென்றால், கிடங்கில் காய்ந்த தோல் கூரைவரை அடுக்கியிருக்கிறது. பகலில் ஏணி போட்டு ஏறிக் கிடங்கு முழுவதும் தடவிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பிறகுதான் உட்கார்ந்து யோசித்தான். கசிகிற கரண்ட்டு தொழுகை நேரம் பார்த்து வராது. மின்விசிறி என்றால் கிளம்பும்போது முள் துள்ளிவிட்டு அடங்கும், இது துள்ளவில்லை. நூற்றுப்பத்து வோல்ட்டை ஒன்றரை ஆம்பியரால் வகுத்தால் தடை எழுபத்து மூன்று ஓம் சொச்சம். பெருக்கினால் நூற்று அறுபத்தைந்து வாட்டு. ஏதோ ஒன்று சூடாகிறது. தோல் கிடங்குக் கம்பியில் இல்லை, சாயபுவின் வீட்டில்.

மறுநாள் காலை வீட்டுக் கொல்லைப்பக்கம் போய், அங்கே வேலை செய்யும் எல்லம்மாவைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"அதுவா? மாடியில சின்னம்மா டீ போடறாங்க அண்ணே. மெட்ராஸ்லேர்ந்து எடுத்துவந்த கெட்டிலு. ஃபேனுக்கு வச்ச பிளக்குல சொருவிடறாங்க," என்றாள் எல்லம்மா.

சின்னம்மா என்றது சாயபுவின் தங்கை அஜீஸுன்னிசாவை. புருஷன் சென்னையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கராக இருந்து காய்ச்சலில் செத்துப்போனார். பிள்ளை இல்லை. புருஷனை இழந்தவள் வெளியே வராமல் இருக்கவேண்டிய நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருந்து முடித்து, ஒரு டிரங்குப் பெட்டியும் அந்தக் கெட்டிலுமாக அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கீழே அண்ணனின் பெரிய குடும்பம். மாடியில் இவர் ஒருவர்.

எல்லம்மா மேலே போய்ச் சொன்னாள். சற்று நேரத்தில் மாடிப்படிக்குக் குறுக்கே தொங்கிய மூங்கில் திரைக்குப் பின்னால் துப்பட்டா உரசும் சத்தம் கேட்டது.

"மேஸ்திரி, அத சொருவக்கூடாதா? ஏதாவது தப்பாய்டுச்சா?"

"தப்பில்லம்மா. இன்னான்னு தெரியாம பயந்துட்டேன். அவ்ளோதான்."

"நானே உங்கள ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். மெட்ராஸ்ல அவர் மூஞ்சி கழுவிட்டு வர்றதுக்குள்ள தண்ணி கொதிச்சிடும். இங்க ரொம்ப நேரம் ஆவுது. கெட்டிலு கெட்டுப்போச்சா?"

எல்லம்மா கெட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பித்தளைக்கு மேல் நிக்கல் பூசியது. அடித்தகட்டில் இருநூற்று இருபது வோல்ட், அறுநூற்று அறுபது வாட்டு என்று பொறித்திருந்தது.

"கெட்டிலு நல்லாதான் இருக்குதும்மா. அங்க எரநூத்தி இருவது வோல்ட்டு. நம்ம டைனமோ நூத்திப் பத்துதான் குடுக்குது."

"அப்ப பாதி. பாதின்னா ரெண்டு மடங்கு நேரம்தானே ஆகணும்? நாலு மடங்குக்கு மேல ஆவுதே."

முனிரத்தினம் கெட்டிலைக் கீழே வைத்தான். இத்தனை வருஷத்தில் யாரும் அவனை இப்படிக் கேட்டதில்லை. விளக்கு எரிகிறதா, எரியவில்லையா, அதோடு பேச்சு முடிந்துவிடும்.

"உள்ள இருக்கற கம்பி மாறலம்மா. அதோட தடை எழுபத்து மூணு ஓம், எங்க போனாலும் அதான். தள்ற பலம் பாதியாச்சுன்னா ஓடற கரண்ட்டும் பாதியாய்டும். மெட்ராஸ்ல மூணு ஆம்பியர் ஓடிச்சு, இங்க ஒன்றரைதான் ஓடுது. சூடுன்றது ரெண்டையும் பெருக்கினா வர்றது. அங்க எரநூத்தி இருவது பெருக்கல் மூணு, அறநூத்தி அறுவது. இங்க நூத்திப் பத்து பெருக்கல் ஒன்றரை..."

"நூத்தி அறுவத்தஞ்சு," என்றார் அவர். "பாதியில பாதி."

"ஆமாம்மா. அதுவும் இவ்ளோ நேரம் வச்சா, ஏறற சூட்டுல கொஞ்சம் வெளியவும் போய்டும். அதான் நாலு மடங்குக்கும் மேல."

"இப்ப புரியுது." அவர் குரலில் சிரிப்பு போல ஏதோ ஒன்று இருந்தது.

"குடுங்கம்மா, நான் சரிபண்ணித் தர்றேன். அங்க கொதிச்ச மாதிரியே கொதிக்கும்."

"வேணாம் மேஸ்திரி. இப்படியே இருந்தாலும் பரவால்ல."

மரியாதைக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டான். கெட்டிலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு நடந்தான். போகிற வழியெல்லாம் அவர் 'நீங்க' என்று பேசியது காதில் இருந்தது.

அந்த வேலையை அவன் ரசித்துச் செய்தான். அடியைக் கழற்றினால், மைக்கா தகட்டின் மேல் சுற்றிய மெல்லிய கம்பி. அதைச் சரிபாதியில் பிரித்து, இரண்டு பாதிகளையும் பக்கம் பக்கமாக இணைத்தான். கரண்ட்டுக்கு ஒரு நீளப் பாதை போய் இரண்டு குட்டைப் பாதைகள் கிடைத்தன. ஒவ்வொரு பாதியும் முப்பத்தாறரை ஓம் சொச்சம். பக்கம் பக்கமாக இருப்பதால் மொத்தத் தடை பதினெட்டுச் சொச்சம். நூற்றுப்பத்து வோல்ட்டிலேயே ஆறு ஆம்பியர் ஓடும். அதே அறுநூற்று அறுபது வாட்டு. கீழே தாழ்வாரத்தில் இருந்த மாடி பிளக்கின் ஃபியூஸுக்கும் தடித்த கம்பி போட்டுவிட்டு வந்தான்.

அன்று சாயங்காலம் முள் ஆறு ஆம்பியர் எகிறியதைப் பார்த்தபோது அவனுக்கு நெஞ்சு நிறைந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டது. சற்று நேரத்தில் எல்லம்மா ஒரு மூடிபோட்ட டம்ளரோடு ஷெட்டுக்கு வந்தாள்.

"சின்னம்மா குடுத்தனுப்பினாங்க. சூடா இருக்கும்போதே குடிச்சிடு அண்ணே."

ஏலக்காய் போட்ட டீ. இந்த ஷெட்டில் அவனுக்கென்று யாரும் எதுவும் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அவன் குடித்துக்கொண்டிருக்கும்போதே எல்லம்மா சொன்னாள்: "கெட்டிலு போட்டதும் வீட்ல வெளக்கெல்லாம் மங்கிப்போச்சு. சாயபு அண்ணாந்து அண்ணாந்து பாத்தாரு."

அவன் டம்ளரை இறக்கிவிட்டு மீட்டரைப் பார்த்தான். கெட்டிலின் கம்பியை ஓம் சுத்தமாகக் கணக்குப் போட்டவன், ஆற்றங்கரையோரம் அவ்வளவு தூரம் ஓடும் கம்பியை மறந்துவிட்டான். விளக்குக்கு மட்டும் என்று இழுத்த மெல்லிய கம்பி அது. போகவரச் சேர்த்து இரண்டு ஓம் இருக்கும். ஒன்றரை ஆம்பியர் ஓடியபோது வழியில் மூன்று வோல்ட்தான் போயிற்று. யார் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆறு ஆம்பியருக்குப் பன்னிரண்டு வோல்ட் போய்விடும். எந்த வயர்மேனும் முதலில் போடுகிற கணக்கு. யாருக்காவது ஏதாவது செய்து கொடுக்கிற சந்தோஷத்தில் அவனுக்கு அது தோன்றவில்லை.

மறுநாள் போய்ச் சொல்லியிருக்கலாம். பழையபடி மாற்றிக் கொடுத்திருக்கலாம். டம்ளர் அவனைச் சொல்லவிடவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தான். முள் எகிறியதும் ரெகுலேட்டர் சக்கரத்தைத் திருப்பி டைனமோவை நூற்றிருபத்திரண்டு வோல்ட்டுக்கு ஏற்றினான். வழியில் போவது போக வீட்டுக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது. முள் இறங்கியதும் சக்கரத்தைத் திருப்பினான். மாடியில் தண்ணீர் கொதிக்கிற நேரம் முழுவதும் அவன் கை சக்கரத்திலேயே இருந்தது. மழைக்காலம் முழுக்க இப்படியே போயிற்று. எல்லம்மா நினைத்த நாளில் டீ வரும், மற்ற நாளில் வராது. வராத நாளிலும் அவன் சக்கரத்தைத் திருப்பினான்.

ஆனால் ஆபீஸோ ஷெட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அந்தக் கம்பியில் வழியில் ஒன்றும் போகாது. நூற்றிருபத்திரண்டும் அப்படியே ஆபீஸ் பல்புகளின் தலையில் இறங்கியது. தினமும் சாயங்காலம் கொஞ்ச நேரம் கண் கூசுகிற மாதிரி எரிந்துவிட்டு, ஒவ்வொன்றாகப் புகைய ஆரம்பித்தன. முனிரத்தினம் சொல்லாமல் மாற்றிக்கொண்டே வந்தான். கார்த்திகையில் ஒருநாள் சென்னை ஏஜெண்ட் ஒருவர் சாயபுவின் மேஜையில் தோலை விரித்து நயம் பார்த்துக்கொண்டிருந்தபோது தலைக்கு மேலிருந்த பல்பு வெடித்துக் கண்ணாடி தோலின் மேல் சிதறியது.

அடுத்த நாள் அதே நேரத்துக்கு சாயபு ஷெட்டுக்குள் வந்து நின்றார். முனிரத்தினத்தின் கை சக்கரத்தில் இருந்தது. சாயபு மீட்டரைப் பார்த்தார்.

"இன்னா மேஸ்திரி இது? நூத்தி இருபத்திரெண்டு?" இன்ஜின் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"லைன்ல வோல்ட்டு கம்மியாவுது சாயபு. அதான் ஏத்தினேன்."

"இத்தினி வருஷம் கம்மியாகாதது இப்ப இன்னாத்துக்கு ஆவுது?"

முனிரத்தினம் சக்கரத்தைத் திருப்பி முள்ளை நூற்றுப்பத்துக்கு இறக்கினான். சாயபு இன்னொரு தரம் கேட்டார். "என் தப்புதான் சாயபு," என்றான் அவன். வேறு ஒரு வார்த்தையும் அவனிடமிருந்து வரவில்லை. சாயபு கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தெரிந்தே மறைக்கிறான் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. "மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரவழைக்கறேன். வந்து பாத்து சொல்லட்டும். அதுக்கப்புறம் நீ இருக்கறதா போறதான்னு பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆள் வரவேண்டி இருக்கவில்லை. எல்லம்மா மூலம் சேதி மாடிக்குப் போயிற்று. அன்றிரவே அஜீஸுன்னிசா கீழே இறங்கிவந்து, கெட்டிலை அண்ணனுக்கு முன்னால் வைத்து, எல்லாம் தன்னால்தான் என்று சொன்னார். நடந்ததை எல்லம்மா மறுநாள் சொன்னாள். சாயபுவுக்கு பல்பு போனது பெரிதாகத் தெரியவில்லையாம். "என் வீட்ல உனக்கு டீ கம்மியா? கூடப் பொறந்தவ தனியா டீ போட்டுக் குடிக்கறான்னு வெளியில தெரிஞ்சா என்னை இன்னா சொல்லுவாங்க?" என்று கேட்டுக் கண் கலங்கிவிட்டாராம். அன்றுமுதல் மக்ரிபுக்குப் பிறகு தட்டில் பிஸ்கட்டோடு டீ மாடிக்குப் போனது. கெட்டில் அலமாரிக்குள் போனது. முனிரத்தினத்தின் வேலை தப்பியது. வோல்ட் முள் ராத்திரி முழுக்க நூற்றுப்பத்தில் அசையாமல் நின்றது. சக்கரத்தைத் தொட வேலையே இல்லை. இரண்டொரு தரம் அவன் சும்மாவே தொட்டுப் பார்த்தான்.

தை பிறந்து, அவன் கலவைக்குப் போய்த் திரும்பிய பிறகு ஒருநாள் எல்லம்மா வந்து கூப்பிட்டாள். அஜீஸுன்னிசா சென்னைக்குப் போகிறார். திருவல்லிக்கேணியில் இருக்கும் நாத்தனார் தனியாகக் கிடக்கிறாள். வந்து கூட இருக்கும்படி கூப்பிட்டிருக்கிறாள்.

மூங்கில் திரைக்கு இந்தப் பக்கம் கெட்டில் தயாராக வைத்திருந்தது.

"மேஸ்திரி, இத மெட்ராஸ்ல இப்படியே சொருவினா எரிஞ்சிடும் இல்ல?"

"எரிஞ்சிடும்மா."

"நானும் கணக்குப் போட்டுப் பாத்தேன். பதினெட்டு ஓமுக்கு எரநூத்தி இருவதுன்னா பன்னெண்டு ஆம்பியர். ரெண்டாயிரத்தி அறநூறு வாட்டுக்கு மேல வருது. நீங்க செஞ்சத நீங்களே பிரிச்சிக் குடுத்துடுங்க."

அவன் அங்கேயே தாழ்வாரத்தில் உட்கார்ந்து அடியைக் கழற்றினான். இரண்டு பாதிகளையும் பிரித்து, பழையபடி ஒன்றன்பின் ஒன்றாக முடுக்கினான். செய்த வேலையைவிட அழிக்கிற வேலை சீக்கிரம் முடிந்தது.

"சரியா இருக்குதான்னு ஒருதரம் ஓட்டிப் பாக்கணும்மா," என்றான். "வழியில போயி கெட்டுப்போனா அங்க யாரைத் தேடுவீங்க?"

அன்று பொழுது இருக்கும்போதே போய் இன்ஜினைக் கிளப்பி, முள்ளை நூற்றுப்பத்தில் நிறுத்திவிட்டு, பகல் வேலையை முடித்துக் கிளம்பிய ரஷீத் அஹமதுவைக் கெஞ்சி ஷெட்டில் உட்காரவைத்தான். தாழ்வாரத்துச் சுவரில் இருந்த பிளக்கில் கெட்டிலைச் சொருகினான். தண்ணீர் சத்தம் காட்டவில்லை. அவன் திரைக்கு இந்தப் பக்கம் படியோரம் உட்கார்ந்தான். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்தார். எல்லம்மா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு நடுவில் கல் பொறுக்கினாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து கேள்வி வந்தது.

"உங்க வீட்டம்மா எங்க மேஸ்திரி?"

"கலவையில. தோல் நாத்தம் அவளுக்கு ஒத்துக்கல."

"நான் பொறந்ததே இந்த நாத்தத்துல. மெட்ராஸ் போய்ட்டு வந்தப்புறம்தான் இது நாத்தம்னே எனக்குத் தெரிஞ்சுது."

கெட்டிலுக்குள் மெதுவாக இரைச்சல் தொடங்கியது.

"நான் அன்னிக்கே சொன்னேன், இப்படியே இருக்கட்டும்னு," என்றார் அவர். "நீங்க கேக்கல."

"மரியாதைக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன்மா."

"நெசமாதான் சொன்னேன். அது கொதிக்கற வரைக்கும் எனக்கு ஒரு வேலை இருந்துது. கேட்டுகிட்டே உக்காந்திருப்பேன். சீக்கிரம் கொதிக்க ஆரம்பிச்சப்புறம், டீயக் குடிச்சிட்டு இன்னா பண்றதுன்னு தெரியல."

"எனக்கும் தெரியலம்மா" என்று நாக்குவரை வந்ததை விழுங்கிக்கொண்டு, "அங்க போனா சீக்கிரம்தான் கொதிக்கும்," என்றான்.

"அங்க ரெண்டு பேருக்குப் போடணும். பரவால்ல."

ஆவி வந்தது. எல்லம்மா எழுந்து டீ போட்டாள். ஒரு டம்ளர் திரைக்கு அந்தப் பக்கம் போனது, ஒன்று இந்தப் பக்கம் வந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "போய்ட்டு வாங்கம்மா," என்று சொல்லி ஷெட்டுக்குப் போனான். மறுநாள் காலையில் ஜட்கா ஸ்டேஷனுக்குப் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த வேளைதான் அவனுக்குத் தூங்குகிற வேளை.

மாசியில் சாயபு கூப்பிட்டு, மாடி அறையில் இனிமேல் நெல் மூட்டை அடுக்கப்போவதால் அங்கே இருக்கும் பிளக்கைக் கழற்றிவிடச் சொன்னார். முனிரத்தினம் முதல்முறையாக அந்த மாடிக்கு ஏறினான். பெருக்கி வைத்த வெற்று அறை. ஒரு கயிற்றுக்கட்டில், சுவரில் பிளக், அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜன்னல். ஸ்குரூவைத் திருகும்போது கண் ஜன்னல் பக்கம் போனது. கீழே ஆற்றுமணல். கரையோரமாக அவன் நட்ட கம்பங்கள் வரிசையாகப் போயின. அவை முடிகிற இடத்தில் இன்ஜின் ஷெட். அதன் அகலக் கதவு இந்தப் பக்கம் பார்த்துத் திறந்திருந்தது. உள்ளே அவனுடைய ஸ்டூல்கூடத் தெரிந்தது. இருட்டிய பிறகு உள்ளே பல்பு எரிந்தால், அதில் உட்கார்ந்திருக்கும் ஆள் இன்னும் நன்றாகத் தெரிவான்.

கெட்டில் கொதிக்கிற வரைக்கும் அவர் உட்கார்ந்திருந்தது இந்த ஜன்னலோரம்தான்.

"இன்னா மேஸ்திரி, ஆச்சா?" கீழேயிருந்து சாயபு குரல் கொடுத்தார்.

"ஆச்சு சாயபு," என்றான். கம்பி நுனிகளில் துணிநாடாவைச் சுற்றிச் சுவருக்குள் தள்ளி, ஓட்டையைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டு இறங்கி வந்தான்.